ஆயில் லைட் எரிஞ்சா வண்டிய நிப்பாட்டுங்க: லாரிக்காரங்க கேள்வி பதில்

இந்த மாசம் வந்த கேள்வியில முக்காவாசி எஞ்சின் ஆயில் பிரஷர் பத்தினதுதான். மழை சீசன் முடிஞ்சு லோடு கூடுற நேரம், பழைய வண்டி எல்லாம் ஒண்ணொண்ணா வொர்க்‌ஷாப்புக்கு வருது, அதனால இந்த தடவ டயர், பெர்மிட் கேள்வி எல்லாத்தையும் அடுத்த மாசத்துக்கு தள்ளிட்டு ஆயில் பம்ப் பத்தி மட்டும் எழுதுதேன். முதல் பதில் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கிடுங்க, ஏன்னா மத்த எல்லா பதிலும் அதுல இருந்துதான் வருது.

கேள்வி: அண்ணே, என்கிட்ட 2004 மாடல் டாடா 1613 கெடக்கு, கம்மின்ஸ் 6பிடி எஞ்சின். குலசேகரத்துல இருந்து பெரும்பாவூருக்கு ரப்பர் தடி ஏத்துறோம். போன வாரம் களியக்காவிளை தாண்டும்போது ஆயில் கேஜ் முள்ளு கீழ இறங்கிட்டு, ஸ்லோவுல நின்னா லைட் மினுங்குது, ஆக்ஸிலேட்டர் குடுத்தா அணையுது. வொர்க்‌ஷாப்புல ஆயில் பம்ப் போச்சு, மாத்தினா சரியாவும், ஒரு நாள் வேலைன்னு சொல்லுதாங்க. பம்ப் மட்டும் மாத்தினா போதுமா, இல்ல எஞ்சினை பிரிக்கணுமா? வேலை எப்படி செய்வாங்கன்னும் சொன்னா பக்கத்துல நின்னு பாத்துக்கிடுவேன்.
வாசகர், குலசேகரம்

பதில்: தம்பி, நீங்க கடைசியா கேட்டதுதான் நல்ல கேள்வி. பக்கத்துல நின்னு பாருங்க, கண்டிப்பா பாருங்க.

முதல்ல ஒண்ணு கேக்குதேன், பம்ப் போச்சுன்னு சொன்னவங்க பிரஷரை அளந்து பாத்தாங்களா? டேஷ்போர்டுல இருக்க முள்ளையும் லைட்டையும் நம்பி எஞ்சினை பிரிக்கக்கூடாது. இருபது வருசம் ஓடின வண்டி, சென்சாரும் பழசு, வயரும் பழசு, எர்த் சரியா இல்லன்னாலே முள்ளு இஷ்டத்துக்கு ஆடும். எஞ்சின் பிளாக்குல ஆயில் கேலரிக்கு, அதாவது உள்ள ஆயில் ஓடுற வழிக்கு, போற ஒரு பிளக்கை கழட்டி அந்த இடத்துல மெக்கானிக்கல் கேஜ் மாட்டி பாக்கணும். அதுவும் எஞ்சின் நல்லா சூடான பிறகு பாக்கணும், காலையில ஸ்டார்ட் பண்ணின உடனே எல்லா வண்டியும் நல்ல பிரஷர் காட்டும், ஆயில் கெட்டியா இருக்கும்லா. கம்மின்ஸ் இந்த எஞ்சினுக்கு சொல்லுற கணக்கு என்னன்னா சூட்டுல ஸ்லோவுல 10 பிஎஸ்ஐ, புல் ஆர்பிஎம்ல 30 பிஎஸ்ஐ, இது ரெண்டும் குறைஞ்சபட்சம். அதுக்கு கீழ போனாத்தான் நோய் உண்டு. அதுக்கு மேல இருந்தா சென்சாரை மாத்திட்டு லோடு ஏத்த போலாம்.

அளந்து பாத்து குறைவாத்தான் இருக்குன்னு வச்சுக்கிடுவோம். அப்பவும் நேரா பம்புக்கு போகக்கூடாது. டிப் ஸ்டிக்கை எடுத்து அளவு பாருங்க, எடுத்த ஆயிலை விரல்ல தேச்சு மணந்து பாருங்க. அளவு குறைஞ்சிருந்தா காரணம் தெரிஞ்சுபோச்சு. அளவு ஏறியிருந்தா அதுதான் இன்னும் மோசம், டீசல் உள்ள இறங்குது, பிளாக் பக்கத்துல இருக்க டீசல் ஃபீட் பம்ப் லீக் ஆனா டீசல் நேரா சேம்பருக்குள்ளதான், அதாவது எஞ்சின் அடியில ஆயில் நிக்குற தொட்டிக்குள்ளதான், போவும். டீசல் கலந்த ஆயில் தண்ணி மாதிரி ஆயிடும், புது பம்ப் போட்டாலும் பிரஷர் நிக்காது. ஆயில் பால் கலர்ல இருந்தா ரேடியேட்டர் தண்ணி கலந்திருக்கு, ஆயில் கூலரையோ ஹெட் கேஸ்கட்டையோ பாக்கணும்.

அடுத்து ஆயில் ஃபில்டரை கழட்டி தூக்கி போடாதீங்க. தகட்டை வெட்டி உள்ள இருக்க காகிதத்தை விரிச்சு வெயில்ல பிடிச்சு பாருங்க. வெள்ளி மாதிரி மினுங்குற பொடியோ செம்பு நிறத்துல துகளோ இருந்தா பேரிங் தேயுதுன்னு அர்த்தம். காந்தத்துல ஒட்டுற துகள் இருந்தா அது இரும்பு, கியரோ பம்போ வேற எதுவோ உரசுது. இந்த ஒரு வேலைய எல்லா வொர்க்‌ஷாப்புலயும் செஞ்சா நம்ம ஜில்லாவுல பாதி எஞ்சின் தப்பிக்கும்னு நான் நெனைக்கிறேன், அஞ்சு நிமிசம் ஆவாது, ஆனா யாரும் செய்யுறதில்ல.

பிறகு பிரஷர் ரெகுலேட்டர் வால்வு. 6பிடியில இது வெளியவே இருக்கு, ஃபில்டர் மாட்டுற ஹெட்டுல ஒரு பெரிய பிளக், அதைக் கழட்டினா ஸ்பிரிங்கும் அதுக்கு பின்னால சின்ன பிளஞ்சரும் வரும். பிரஷர் கூடும்போது திறந்து ஆயிலை திருப்பி விடுறதுக்கு உள்ள வால்வு அது. ஒரு துகள் மாட்டி வால்வு திறந்தபடியே நின்னுட்டா பம்ப் தள்ளுற ஆயில் எல்லாம் பேரிங்குக்கு போகாம திரும்பிடும், வெளிய இருந்து பாத்தா பம்ப் செத்த மாதிரியே இருக்கும். பிளஞ்சர் விரலால தள்ளினா வழுக்கிக்கிட்டு போயிட்டு வரணும், கீறல் இருக்கக்கூடாது. பம்புக்கு காசு குடுக்குறதுக்கு முன்னால இதை கழட்டி காட்ட சொல்லுங்க.

இவ்வளவும் சரின்னா பம்புக்கு வருவோம். உங்க எஞ்சின்ல பம்ப் சேம்பருக்குள்ள கிடையாது, முன்னால டைமிங் கவருக்கு பின்னால இருக்கு, பிஸ்டன் எல்லாம் சேந்து சுத்துற பெரிய ஷாஃப்டான கிராங்கோட கியர், நடுவுல ஐட்லர்னு ஒரு கியர் வழியா அதை சுத்துது. அதனால சேம்பரை இறக்காமலே பம்பை மாத்தலாம், ஒரு நாள் வேலைன்னு சொன்னது அந்த வகையில சரிதான். ஃபேன், பெல்ட், கிராங்க் டேம்பர், முன் கவர் எல்லாம் கழட்டினா பம்ப் நாலு போல்ட்டுல பிடிச்சபடி கண்ணுக்கு தெரியும். போல்ட்டை எடுத்தா கையில வந்திடும்.

கவர் கழண்டு கெடக்கும்போது நீங்க கண்டிப்பா பாக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. கியர் ஹவுசிங்கை பிளாக்கோட நேரா பிடிக்கிறதுக்கு ஒரு சின்ன டவல் பின் உண்டு. இதே 5.9 லிட்டர் எஞ்சின் அமெரிக்காவுல டாட்ஜ் பிக்கப்புல ஓடுச்சு, அங்க அந்த பின் அதிர்வுல பைய பைய வெளிய நகந்து டைமிங் கியருக்கு நடுவுல விழுந்து கியரையும் கவரையும் உடைச்ச கதை நிறைய, அந்த ஊர் மெக்கானிக்குகளுக்கு அதுக்கு தனிப் பேரே இருக்கு. பின் உள்ளோட்டு நிக்குதான்னு டார்ச் அடிச்சு பாருங்க, பக்கத்து போல்ட்டுக்கு அடியில ஒரு சின்ன தகடு வச்சு பின்னோட வாயை மறைச்சுட்டா பிறகு அது எங்கயும் போகாது. கவர் திறந்திருக்கும்போது இது காசே இல்லாத வேலை, கவர் மூடின பிறகு நெனச்சா மறுபடி ஒரு நாள்.

பழைய பம்பை குப்பையில போட விடாதீங்க. பின்பக்க தகட்டை எடுத்து உள்ள பாருங்க, நட்சத்திரம் மாதிரி ரெண்டு ரோட்டர் ஒண்ணுக்குள்ள ஒண்ணு சுத்தும். இடைவெளி அளக்குற மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் வச்சு அளக்கணும். ரெண்டு ரோட்டர் முனைக்கும் நடுவுல 0.18 மில்லிமீட்டருக்கு மேல இருக்கக்கூடாது, ரோட்டருக்கும் தகட்டுக்கும் நடுவுல 0.13, வெளி ரோட்டருக்கும் பாடிக்கும் நடுவுல 0.38. இதுக்குள்ள இருந்து, உள்ள ஆழமான கீறலும் இல்லன்னா, அந்த பம்ப் நல்ல பம்ப், உங்க நோய் வேற எங்கயோ இருக்கு. நான் பாத்த வரைக்கும் பம்ப் போச்சுன்னு கழட்டின பம்புல நல்ல பம்ப் நிறைய.

தேஞ்சுதான் இருக்குன்னா புதுசு போடுங்க. போடும்போது ஒரு விசயத்துல எல்லாரும் தடுமாறுவாங்க: பம்ப் சரியா உக்காந்த பிறகும் முன்பக்க ஃபிளாஞ்ச் பிளாக்கை தொடாது, ஒரு சின்ன இடைவெளி தெரியும். பம்போட பின்தகடு குழியோட அடியில போய் உக்காருது, டிசைனே அப்படித்தான். இடைவெளிய பாத்துட்டு சரியா உக்காரலைன்னு நெனச்சு இறுக்கு இறுக்குன்னு இறுக்கினா ஃபிளாஞ்ச் வெடிச்சிடும். நாலு போல்ட்டையும் மாத்தி மாத்தி முதல்ல லேசா, பிறகு 24 நியூட்டன் மீட்டர், அவ்வளவுதான். டார்க் ரெஞ்ச் இல்லாத கடையில இந்த வேலைய குடுக்காதீங்க.

முன் கிராங்க் சீல் புதுசு போடணும். எல்லா சீலுக்கும் ஆயில் தடவி போடுறது நம்ம பழக்கம், இந்த சீலுக்கு அது ஆவாது. சீல் உதட்டுலயும் கிராங்க்லயும் பொட்டு ஆயில் இல்லாம துடைச்சு காய்ஞ்சபடி போடணும், இல்லன்னா கொஞ்ச நாள்ல ஒழுக ஆரம்பிக்கும்.

புது பம்பை காஞ்ச வாக்குல மாட்டக்கூடாது. சுத்தமான எஞ்சின் ஆயிலை உள்ள ஊத்தி கையால கியரை சுத்தி ரோட்டர் எல்லாம் நனைஞ்ச பிறகு மாட்டணும். ஃபில்டர்லயும் ஆயில் நிறைச்சு மாட்டுங்க, டர்போவுக்கு போற ஆயில் லைனை கழட்டி அங்கயும் கொஞ்சம் ஊத்துங்க. எல்லாம் பூட்டின பிறகு ஸ்டாப் கேபிளை இழுத்து பிடிச்சுக்கிட்டு, அதாவது எஞ்சின் ஸ்டார்ட் ஆகாதபடி, செல்ஃப் மட்டும் அடிங்க. ஒரு தடவைக்கு முப்பது செகண்டுக்கு மேல வேண்டாம், நடுவுல ரெண்டு நிமிசம் விட்டு அடிங்க, செல்ஃப் மோட்டார் பாவம். மெக்கானிக்கல் கேஜுல முள்ளு எழும்பின பிறகு கேபிளை விடுங்க. ஸ்டார்ட் ஆகி பதினஞ்சு செகண்டுக்குள்ள பிரஷர் வரலைன்னா உடனே ஆஃப். பாப்போம் பாப்போம்னு ஆக்ஸிலேட்டர் குடுக்குற ஆளை வண்டி பக்கமே விடாதீங்க.

இப்ப உங்க முக்கியமான கேள்வி, பம்ப் மட்டும் போதுமா. நீங்க லைட்டை பாத்த பிறகு எவ்வளவு தூரம் ஓட்டினீங்கன்னு எழுதல, பதில் அதுலதான் இருக்கு. உடனே நிப்பாட்டி கட்டி இழுத்துட்டு வந்திருந்தா, ஃபில்டர் காகிதமும் சுத்தமா இருந்தா, பம்ப் மாத்தி ஆயில் ஃபில்டர் மாத்தி ஓட்டுங்க. குலசேகரம் வரைக்கும் ஓட்டிட்டு வந்திருந்தா சேம்பரை இறக்கத்தான் வேணும், கனெக்டிங் ராட் பேரிங் ரெண்டு மூணு, மெயின் பேரிங் ஒண்ணு ரெண்டு கழட்டி பாக்கணும். பேரிங்கோட சாம்பல் நிற மேல்பூச்சு போய் செம்பு நிறம் தெரிஞ்சா எல்லாத்தையும் மாத்தணும், கிராங்க்ல கீறல் இருந்தா லேத்துக்கு போகணும். சேம்பர் இறங்கியிருக்கும்போது ஆயிலை வடிகட்டுற ஸ்ட்ரெய்னர் வலையையும் சக்‌ஷன் டியூப்பையும் கழட்டி கழுவுங்க, பம்ப் ஏன் தேஞ்சுதுங்கிறதுக்கு பதில் பல நேரம் அந்த வலையிலதான் ஒட்டிக்கிட்டு இருக்கும். ஆயில் கூலருக்குள்ள தங்குற துகள் கழுவினாலும் லேசுல போகாது, எஞ்சின் உள்ள உலோகம் ஓடியிருந்தா கூலரை மாத்துறதுதான் நல்லது. அப்படியே விட்டா புது பேரிங்குல முதல் நாளே அந்த துகள் போய் உக்காரும்.

கேள்வி: நான் டிரைவர். லோடோட போகும்போது ஆயில் லைட் எரிஞ்சா ஓனருக்கு போன் பண்ணுவேன், அவரு பைய ஓட்டி ஊருக்கு கொண்டு வந்திருன்னு சொல்லுவாரு. பைய ஓட்டினா எஞ்சின் தாங்குமா?
வாசகர், தக்கலை

பதில்: தாங்காது. பைய ஓட்டினாலும் தாங்காது, வெறும் வண்டியா ஓட்டினாலும் தாங்காது. கிராங்குக்கும் பேரிங்குக்கும் நடுவுல ஒரு முடி கனத்துக்கு ஆயில் நிக்குது, பிரஷர் போனா அந்த ஆயில் போயிடும், இரும்பும் பேரிங்கும் நேருக்கு நேர் உரசும். டர்போ ஷாஃப்ட் நிமிசத்துக்கு லட்சம் சுத்து வரைக்கும் போவும், அதுக்குத்தான் முதல் அடி. அடுத்து பேரிங் தட்ட ஆரம்பிக்கும், அடுத்து எஞ்சின் பிடிச்சிடும்.

லைட் எரிஞ்சா ஓரமா ஒதுக்கி ஆஃப் பண்ணுங்க, அதுக்கு பிறகு போன் பண்ணுங்க. மார்த்தாண்டம் பாலத்து மேலயோ ஆரல்வாய்மொழி கணவாய்லயோ நின்னாலும் சரி, ஹசார்டு போட்டு பின்னால கல்லு இல்ல முக்கோணம் வச்சுட்டு நில்லுங்க. டிப் ஸ்டிக்குல ஆயிலே இல்லன்னா ஊத்திட்டு லைட் அணையுதான்னு பாக்கலாம், ஆயில் இருந்தும் எரியுதுன்னா கட்டித்தான் இழுக்கணும். ஓனர்மாருக்கு ஒரு வார்த்தை: டிரைவர் நிப்பாட்டினா திட்டாதீங்க. கட்டி இழுக்குற கூலி ஒரு நாள் லாபம். கிராங்க் கிரைண்டிங், பேரிங் செட், டர்போ, லோடு போன வகையில நஷ்டம் எல்லாம் சேந்தா ஒரு வருசத்து லாபம். அந்த பையன் உங்க வண்டிய காப்பாத்தியிருக்கான்.

கேள்வி: ஐயா, என் வீட்டுக்காரர் இறந்த பிறகு லாரிய நான்தான் பாக்கேன். எனக்கு மெக்கானிக் வேலை தெரியாது. டிரைவர் எல்லாம் நல்லா இருக்குன்னு சொல்லுதாரு, ஆனா எஞ்சின் நல்லா இருக்கான்னு நானே எப்படி தெரிஞ்சுக்கிடுறது?
வாசகி, திருவட்டாறு

பதில்: தங்கச்சி, வண்டி வீட்டு முன்னால நிக்கும்போது காலையில ஸ்டார்ட் பண்ணுறதுக்கு முன்னாலேயே டிப் ஸ்டிக்கை எடுங்க. துணியில துடைச்சு மறுபடி முழுசா உள்ள விட்டு எடுத்து, ஆயில் ரெண்டு கோட்டுக்கு நடுவுல நிக்குதான்னு பாருங்க. அந்த அளவை தேதியோட ஒரு நோட்டுல எழுதி வைங்க, வாரம் ஒருக்க போதும். ஒரு வாரத்துல ரொம்ப குறைஞ்சாலும் சரி, ஊத்தாம கூடினாலும் சரி, வொர்க்‌ஷாப்புக்கு அனுப்பணும். டீசல் வண்டியில ஆயில் கறுப்பா இருக்கத்தான் செய்யும், அதைப் பாத்து பயப்படாதீங்க.

அடுத்தது இன்னும் லேசு. சாவியை திருப்பி, எஞ்சின் ஸ்டார்ட் பண்ணாம, மீட்டர்ல ஆயில் லைட் சிவப்பா எரியுதான்னு பாருங்க. எரியணும். எரியலைன்னா பல்பு போயிருக்கு, இல்ல யாரோ வயரை புடுங்கி விட்டிருக்காங்க. ரோட்டுல லைட் எரிஞ்சு தொந்தரவு பண்ணுதுன்னு வயரை புடுங்கிவிடுற பழக்கம் நம்ம பக்கம் உண்டு, அது எஞ்சினுக்கு வச்ச கொள்ளி. ஸ்டார்ட் பண்ணின சில செகண்டுல லைட் அணையணும். வண்டி லோடு இறக்கிட்டு சூடா வந்து நிக்கும்போதும் ஒரு தடவ ஸ்லோவுல விட்டு லைட்டை பாருங்க, நோய் முதல்ல அந்த நேரத்துலதான் தெரியும். ஆயில் வாங்குற பில்லு, ஃபில்டர் பில்லு எல்லாம் உங்க கையில வாங்கி வைங்க. டிரைவர் மேல சந்தேகம்னு இல்ல, ஓனர் பாக்குதாங்கன்னு தெரிஞ்சா வொர்க்‌ஷாப்பும் கவனமா வேலை செய்யும்.

கேள்வி: குளச்சல்ல மீன் லோடு ஏத்துற வண்டி. ஆயில் அடிக்கடி குறையுது, புகையும் இல்ல. பம்ப் லீக்கா இருக்குமா?
வாசகர், குளச்சல்

பதில்: மீன் வண்டின்னு சொன்ன உடனே எனக்கு சேம்பர் மேலதான் சந்தேகம். பெட்டியில இருந்து ஐஸ் தண்ணியும் உப்புத் தண்ணியும் நாள் முழுக்க அடியில ஒழுகுது, கடல் காத்தும் கூட. சேம்பர் இரும்புத் தகடுன்னா அடிப்பக்கமும் டிரெயின் போல்ட்டை சுத்தியும் துரு தின்னு ஊசி ஓட்டை விழும். ஓடும்போது ஒழுகி காத்துல பறந்திடும், நிக்கும்போது கீழ சொட்டு கூட தெரியாது. வண்டிய பிட்டுல ஏத்தி சேம்பர் அடியில மண்ணெண்ணெய் போட்டு கழுவி, காய்ஞ்ச பிறகு வெள்ளை சுண்ணாம்பு பொடி தூவி ஒரு ட்ரிப் ஓட்டிட்டு பாருங்க, எங்க நனைஞ்சிருக்கோ அங்க ஓட்டை. எம்சீல் ஒட்டி நாள் கடத்தாதீங்க, தகடு மெலிஞ்சு போச்சுன்னா இன்னொரு இடத்துல ஓட்டை விழும், அது ராத்திரி ரோட்டுல விழுந்தா எஞ்சின் போச்சு. சேம்பரை மாத்துங்க. புதுசு மாட்டின பிறகு வாரம் ஒருக்க அடிப்பக்கத்துல நல்ல தண்ணி அடிச்சு உப்பை கழுவி விடுங்க.

பம்ப் உள்ளதான் இருக்கு, அது லீக் ஆனாலும் ஆயில் சேம்பருக்கே திரும்பி வரும், வெளிய குறையாது.

கேள்வி: ஆயில் பிரஷர் குறைஞ்சா 15டபிள்யூ40க்கு பதிலா 20டபிள்யூ50 ஊத்தினா சரியாவும்னு கடைக்காரர் சொல்லுதாரு. கெட்டியாக்குற மருந்து டப்பாவும் குடுக்காரு. ஊத்தலாமா?
வாசகர், மார்த்தாண்டம்

பதில்: முள்ளு மேல ஏறும், எஞ்சின் சரியாவாது. 100 டிகிரி சூட்டுல 40 கிரேடு ஆயிலோட கெட்டி 12.5ல இருந்து 16.3 சென்டிஸ்டோக் வரை, 50 கிரேடு 16.3ல இருந்து 21.9 வரை. கெட்டி கூடினா அதே தேஞ்ச பேரிங் வழியா கொஞ்சம் மெதுவா ஒழுகும், அதனால கேஜுல கூட காட்டும். தேய்மானம் அங்கயேதான் இருக்கு, அது தொடர்ந்து தேயும், நீங்க மட்டும் தெரியாம ஓட்டுவீங்க. வால்வு திறந்து நிக்குறதோ, சக்‌ஷன் டியூப்புல காத்து இழுக்குறதோ காரணமா இருந்தா இந்த ஆயில் ஒண்ணும் செய்யாது. விக்கப் போற வண்டிக்கு இதை ஊத்தி கேஜ் ஏத்தி காட்டுறவங்களும் இருக்காங்க, பழைய வண்டி வாங்குறவங்க ஆயிலை மாத்தி சூடாக்கி ஓட்டி பாத்துட்டு அட்வான்ஸ் குடுங்க. டப்பா மருந்து வேண்டவே வேண்டாம். கம்பெனி புக்குல போட்டிருக்க கிரேடு என்னவோ அதை ஊத்துங்க, மிச்சக் காசுல பிரஷர் அளக்க சொல்லுங்க.

கேள்வி: என்கிட்ட இன்னும் பழைய டாடா 1210 ஓடுது, 697 எஞ்சின், சூளையில இருந்து பக்கத்து ஊருக்கு செங்கல் மட்டும் ஏத்துறேன். இதுலயும் பம்ப் முன்னால இருந்தே கழட்டலாமா? டூப்ளிகேட் பம்ப் போடலாமா?
வாசகர், ஆரல்வாய்மொழி

பதில்: அண்ணே, அந்த வண்டிய இன்னும் வச்சிருக்கீங்கன்னு படிச்சதும் சந்தோசமா இருந்திச்சு. 697ன்னா ஆறு சிலிண்டர், 97 மில்லிமீட்டர் போர், அதாவது சிலிண்டர் துளையோட அகலம். டாடாவும் பென்ஸும் 1954ல இருந்து 1969 வரை சேந்து நடத்தின காலத்து வம்சம், பென்ஸோட ஓஎம் 352 எஞ்சினுக்கும் இதே 97 போர், 128 ஸ்ட்ரோக், 5,675 சிசி.

இதுல பம்ப் சேம்பருக்குள்ளதான், அதனால சேம்பரை இறக்கித்தான் ஆகணும். அதுல ஒரு நன்மை உண்டு, ஸ்ட்ரெய்னர், பேரிங், கிராங்க் எல்லாம் ஒரே தடவையில கண்ணுக்கு வந்திடும், பாக்காம மூடாதீங்க. கியர் பம்பு இது, ரெண்டு பல்சக்கரம் ஒண்ணோட ஒண்ணு சேந்து சுத்தும், பல்லுலயும் மூடிலயும் கீறல் பாருங்க. மாட்டுறதுக்கு முன்னால பம்புக்குள்ள வாசலின் அப்பி விடுங்க, காத்து நிக்காது, முதல் சுத்துலயே ஆயிலை இழுக்கும், சூடானதும் வாசலின் உருகி ஆயிலோட போயிடும். கிரீஸ் வைக்காதீங்க, அது உருகாம ஃபில்டரை அடைக்கும்.

இன்னொண்ணு, சேம்பர் பேக்கிங்குக்கு சிலிக்கான் பேஸ்ட்டை அள்ளி அப்புற பழக்கம். வெளிய பிதுங்குற அளவு உள்ளயும் பிதுங்கும், காய்ஞ்சு புழு மாதிரி உதிர்ந்து ஸ்ட்ரெய்னர் வலையில போய் ஒட்டும், பம்ப் ஆயில் கிடைக்காம சாகும். நூல் கனத்துக்கு ஒரு கோடு போட்டா போதும்.

டூப்ளிகேட் பத்தி கேட்டீங்க. செங்கல் வண்டியில டெயில் லேம்ப், மட்கார்டு எதை வேணா லோக்கல்ல போடுங்க, ஆயில் பம்ப் மட்டும் வேண்டாம். அந்த எஞ்சினுக்கு ஒரிஜினல் கிடைக்குறது கஷ்டம்னு தெரியும். கிடைக்கலைன்னா பழைய பம்ப் பாடி நல்லா இருந்தா கியர் செட் மட்டும் மாத்தி, மூடித் தகட்டை லேத்துல முகம் தட்டி எடுத்து, இடைவெளிய அளந்து போடுற பழைய ஆளுங்க நாகர்கோவில் பக்கம் இன்னும் இருக்காங்க, அவங்ககிட்ட குடுங்க. வேற வழியில்லாம லோக்கல் பம்புதான்னா மாட்டுறதுக்கு முன்னால திறந்து பாருங்க, உள்ள வார்ப்பு மணலும் பிசிறும் இருந்தா கடையிலயே திருப்பிக் குடுத்திடுங்க.

கேள்வி: பம்ப் புதுசு போட்டாச்சு, ஃபில்டர் ஆயில் மாத்தியாச்சு, ஆனா சூடானா ஸ்லோவுல லைட் மறுபடி மினுங்குது. மெக்கானிக் பம்ப் டிஃபெக்ட்டுன்னு சொல்லி இன்னொண்ணு மாத்த சொல்லுதாரு. கம்மின்ஸ் 6பிடிதான்.
வாசகர், திங்கள்சந்தை

பதில்: இன்னொரு பம்ப் வாங்காதீங்க. குலசேகரத்து தம்பிக்கு சொன்னதை அப்படியே நீங்களும் செய்யுங்க: கேஜ் மாட்டி அளந்து, ஆயிலை மணந்து, ரெகுலேட்டர் பிளஞ்சரை கழட்டி பாருங்க. குளிர்ல நல்ல பிரஷர், சூட்டுல மட்டும் குறையுதுன்னா பொதுவா எங்கயோ தேஞ்ச இடைவெளி வழியா ஆயில் ஒழுகுது, அதாவது மெயின் பேரிங், ராட் பேரிங், கேம் புஷ். குளிர்லயும் பிரஷர் வர லேட் ஆகுது, முள்ளு நடுங்குதுன்னா சக்‌ஷன் டியூப் பக்கம் காத்து இழுக்குது. அந்த டியூப் பிளாக்கோட சேருற இடத்துல ஒரு சின்ன கேஸ்கட் இருக்கு, அது கிழிஞ்சிருந்தாலோ டியூப் பிரேஸ் பக்கத்துல மயிரிழை வெடிப்பு இருந்தாலோ ஆயிலுக்கு பதிலா காத்து வரும். வெடிப்பை கண்ணால பாத்தா தெரியாது, ஒரு வாயை அடைச்சு தண்ணியில முக்கி ஊதிப் பாருங்க, குமிழி வரும். பிஸ்டனுக்கு அடியில ஆயில் தெளிக்குற நாசில் உள்ள எஞ்சின்னா, முன்னால பேரிங் மாத்தினப்ப அது சரியா உக்காராம போயிருந்தாலும் பிரஷர் அது வழியா போவும், சேம்பர் இறக்கும்போது அதையும் எண்ணிப் பாருங்க.

சேம்பரை இறக்கின அன்னைக்கு பேரிங்கை கழட்டினா அது எந்த சைஸ்னு முதுகுப் பக்கம் எழுதியிருக்கும், ஸ்டாண்டர்டா இல்ல 0.25, 0.50 அண்டர் சைஸான்னு பாத்து குறிச்சுக்கிட்டு, அதே சைஸ் செட்டை வாங்கி கையில வச்சுக்கிட்டு மத்ததை பிரிக்க சொல்லுங்க. பாதி பிரிச்சு போட்ட எஞ்சினோட பேரிங் வர்றதுக்கு காத்து கெடக்க வேண்டாம்.